பெரியப்பா படுத்திருந்த ஏசி அறை

அந்தப் பீப்பாயை எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நாலு பட்டாணியர்கள். பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. லிஃப்ட் கிடையாது. ஜூன் மாதத்து வெயிலில் படிக்குப் படி நின்று, "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா" என்று, மெதுவாகத் தூக்கச் சொல்லி ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டு ஏற்றினார்கள். பின்னால் என் வீட்டுக்காரர், கல்யாணப் பெண்ணை அழைத்து வருகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏசி அறையில் இருந்த எங்கள் கட்டிலைப் பிரித்து ஹாலில் சாத்தினார்கள். அந்த இடத்தில் மரக்கட்டைகளைப் போட்டு, பீப்பாயைப் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே இருந்தது பீர். என் வீட்டுக்காரர் அப்போது துறைமுகம் கட்டுகிற ஒரு பிரிட்டிஷ் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் தன் பங்களாவில், தன் கையாலேயே காய்ச்சியது. பார்லியைக் கருக்க வறுத்துக் காய்ச்சுவார்களாம். அதற்குப் பெயர் போர்ட்டர். லண்டனில் மூட்டை தூக்குகிறவர்கள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர் வந்தது என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். ஏதோ தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி.

கடையில் விற்கிற பீர் செத்த பீராம். வடிகட்டி, காற்றடைத்து, புட்டியில் போட்டது. இது உயிருள்ளது. உள்ளே ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். பீப்பாய்க்குள்ளேயே கிடந்து, தெளிந்து, பக்குவப்பட வேண்டும். அசைக்கக் கூடாது. சூடு ஏறக் கூடாது. எஞ்சினியர் கோடை முழுவதும் இங்கிலாந்துக்கு லீவில் போகிறார். அவர் பங்களாவில் அந்த நேரம் பார்த்து ஏசியைக் கழற்றி ரிப்பேர் செய்கிறார்கள். வேலைக்காரன் குடித்துத் தீர்த்துவிடுவான் என்று பயம். ஆபீஸிலேயே குடிக்காத ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். ஆகவே பீர் எங்கள் வீட்டுக்கு வந்தது, நாங்கள் ஹாலுக்குப் போனோம்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"அக்டோபர்ல காண்ட்ராக்ட் முடியுது. கையெழுத்துப் போடுறவர் அவர்தான். 'நான் திரும்பி வந்து பீப்பாயைத் திறக்கும்போது உன் பேப்பரையும் பார்ப்போம்'னு சிரிச்சிக்கிட்டே சொல்றார். நான் என்ன சொல்றது?"

கையெழுத்து விழாவிட்டால் திருச்சிக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவர் அண்ணன் தம்பி நாலு குடும்பமும் ஒரே வீடு. அந்த வீட்டில் எனக்கென்று தாழ்ப்பாள் போடுகிற கதவு ஒன்றுகூட இருந்ததில்லை. துபாயில் இருந்தது. சின்ன வீடுதான், கரப்பான் பூச்சி வீடுதான், ஆனால் கதவு என்னுடையது. அதற்காக ஒரு கோடை முழுக்க வெந்து சாகலாம் என்றுதான் நினைத்தேன்.

பீப்பாய் கருவேலக் கட்டை நிறம். நடுவில் வயிறு. முன்னால் ஒரு பித்தளைக் குழாய். மேலே ஒரு துவாரம், அதில் அடிக்க இரண்டு விதமான முளைகள் கொடுத்திருந்தார். ஒன்று மிருதுவானது, மூச்சு விடும். இன்னொன்று கெட்டி, விடாது. பொங்குகிற வரை மிருதுவான முளை. அடங்கியதும் கெட்டி முளை. உள்ளே காற்று முட்டினால் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். மேலே சாக்கை நனைத்துப் போட வேண்டும். எங்களிடம் சாக்கு இல்லை. என் வீட்டுக்காரரின் பழைய வேட்டி ஒன்றை நனைத்துப் போர்த்தினேன். திரையை மூடிவிட்டால் அறை இருட்டு. அந்த இருட்டில் கட்டைகளின் மேல் வெள்ளை வேட்டி போர்த்திப் படுத்திருந்தது. முதல் நாளே எனக்கு அது பிடிக்கவில்லை.

மாவு புளித்துப் பொங்குவது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் மாவு சத்தம் போடாது. இது போட்டது. முளை வழியாக 'ஸ்ஸ்' என்று நீளமாக இழுக்கும். நிற்கும். அடுத்தது வராதோ என்று நாம் நினைக்கிற வரை நிற்கும். பிறகு மரத்துக்குள் 'டொக்' என்று ஒன்று கேட்கும். மறுபடி இழுப்பு.

சுவருக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் புருஷனுக்கு பாங்கில் வேலை. நல்லவள், வாய் ஓயாது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாடிப்படியில் எங்கள் இருவரையும் நிறுத்திக் கேட்டாள்.

"மதினி, ஒங்க வீட்டுல யாருக்குச் சொகமில்ல? இழுக்க சத்தம் சொவரு வழியா கேக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "எங்க பெரியப்பா. வைத்தியத்துக்கு வந்திருக்கார். யாரும் பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

வெள்ளைக்காரரிடம் கடையில் சாராயம் வாங்கப் பெர்மிட் இருந்தது. வீட்டில் காய்ச்சுவதற்கு யாருக்கும் பெர்மிட் கிடையாது. எங்களிடம் எதற்குமே கிடையாது. வெளியே தெரிந்தால் காண்ட்ராக்ட் மட்டுமா போகும், ஆளையே ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பொய் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. கோபம் வேறு. இவருடைய பெரியப்பா செத்து நாலு வருடமாகியிருந்தது.

"வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?"

"உயிரோட இருக்கறவங்களைச் சொன்னா அவங்களுக்கு ஏதாவது ஆயிரும். செத்தவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது?" அவர் முகத்தில் ஒரு பெருமை. யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாராம்.

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. பகல் பூரா அவரோட உட்காரப் போறவ நானு."

அவர் சிரித்தார். அவர் ஆபீஸ் போய்விடுவார், சிரிக்கலாம்.

பெரியப்பாவுக்கு இழுப்பு இருந்தது. கடைசி இரண்டு வருடம் திருச்சி வீட்டில் நான்தான் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன். அவரும் இப்படித்தான் இழுப்பார், நிறுத்துவார், நாம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்க்கும்போது தொண்டையில் ஒரு சத்தத்துடன் அடுத்தது வரும். பெயர் சொல்லும் வரை எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. சொன்ன பிறகு வேறெதுவும் நினைக்க முடியவில்லை.

ஜூலையில் துபாயில் நடுப்பகல் என்றால் என்னவென்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கடை அடைத்துவிடுவார்கள். தெருவில் நாய்கூட இருக்காது. வெளிச்சம் மட்டும் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருக்கும். எங்கள் ஊரில் உச்சிப்பொழுதில் தனியாகப் போகாதே என்பார்கள். இங்கே போவதற்கு இடமில்லை. ஹாலில் ஃபேன் சூட்டை வாரி அடித்தது. குளிர்ச்சி வேண்டுமென்றால் அந்த அறைக்குத்தான் போக வேண்டும். போனேன். கதவைத் தட்டிவிட்டுப் போகிறேன் என்பது சில நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

ருசி பார்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. வாரம் ஒரு முறை குழாயில் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்து, ருசித்து, என்ன தெரிகிறது என்று எழுத வேண்டும் என்பது எஞ்சினியர் கட்டளை. என் வீட்டுக்காரர் பழநியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர், தொட மாட்டார். அவர் சத்தியத்துக்கு நான் குடிக்க வேண்டும். நல்ல நியாயம்.

முதல் வாரம், புளிக்காத மாவில் டிகாக்ஷனைக் கொட்டிய மாதிரி இருந்தது. துப்பினேன். அடுத்த முறை துப்பவில்லை. வாயில் வைத்து மூக்கால் மூச்சை விடு என்று எழுதிக் கொடுத்திருந்தார், அப்படிச் செய்தேன். கருப்பட்டி தெரிந்தது. ஒரு நொடி அதிகமாக வறுத்துவிட்ட காப்பிக்கொட்டை தெரிந்தது. அதற்கும் பின்னால் இரும்பு, சூடான தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் வருமே, அது. கடைசியில் நாக்கின் அடியில் வெந்தயம் மாதிரி ஒரு கசப்பு. போகவே போகாது. போகவும் வேண்டாம் என்றிருந்தது.

சோடா மாதிரி சுரீரென்று குத்தவில்லை. மெல்ல, உயிருள்ள ஒன்று நாக்கின் மேல் நகர்வது மாதிரி. டம்ளரை ஜன்னல் பக்கம் பிடித்தால் கருப்பு இல்லை, ஓரத்தில் மாதுளைச் சிவப்பு. வாரத்துக்கு வாரம் முனைகள் மழுங்கி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே வந்தன. எனக்குப் பிடித்துப்போயிற்று. அதை யாரிடம் சொல்வது? வாரம் ஒரு முறை என்பது வாரம் இரண்டு முறை ஆனது. நான் டம்ளரோடு உட்கார்ந்திருப்பேன், அது இழுத்துக்கொண்டிருக்கும்.

நான் சொன்னதை எல்லாம் என் வீட்டுக்காரர் இங்கிலீஷில் எழுதி அனுப்பினார். உனக்கு அருமையான நாக்கு என்று எஞ்சினியர் பதில் எழுதினார். அதை என் வீட்டுக்காரர் எனக்குப் படித்தும் காட்டினார், கூச்சமே இல்லாமல்.

இதற்குள் கட்டடம் முழுக்க எங்கள் பெரியப்பா தெரிந்தவராகிவிட்டார். திருநெல்வேலிக்காரி சுக்குக் கஷாயம் கொடுத்தாள், குழைந்த ரசம் சாதம் கொடுத்தாள், ஹார்லிக்ஸ் கொடுத்தாள். எல்லாவற்றையும் நானே சாப்பிட்டேன். பகலில் ரேடியோவைக் குறைத்தார்கள். எங்கள் கதவைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். இல்லாத ஒரு மனிதருக்காக ஒரு கட்டடமே அடங்கிக் கிடந்தது. அந்த அமைதியில் அவர் இழுப்பது இன்னும் நன்றாகக் கேட்டது.

ஆகஸ்டில் ஒரு நாள் நடுப்பகலில் கரண்ட் போனது. ஏசி நின்ற நிமிடம் காதுக்குள் எதையோ பிடுங்கி எடுத்த மாதிரி இருந்தது. அப்புறம் சூடு வந்தது. சுவர் வழியாக, தரை வழியாக, ஒரு அடுப்பு மெதுவாகப் பற்றுவது மாதிரி. பீப்பாய் அடங்கி, கெட்டி முளை அடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இப்போது உள்ளே மரம் முறுகுகிற சத்தம் கேட்டது. கை வைத்தேன், அதிர்ந்தது. வெடித்துவிடும், அதோடு காண்ட்ராக்டும் போய்விடும் என்று பயந்து முளையைப் பிடுங்கினேன். அது விட்ட மூச்சு என் முகத்தில் அடித்தது, ஈரமாக, கருகல் வாசனையோடு. காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஃப்ரிஜ்ஜில் மிச்சம் இருக்கிற ஐஸை எடுக்க சமையலறைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அறைக்குள் ஆள் இருந்தது.

திருநெல்வேலிக்காரி. இருட்டில், பீப்பாய்க்குப் பக்கத்தில் மண்டி போட்டிருந்தாள். வேட்டியின் மேல் கை. மற்ற கையில் மூடி முத்திரை உடைத்த கங்கைச் செம்பு. அவள் மாமியார் காசிக்குப் போய் வந்து கொடுத்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்திருப்பாள். கடல் தாண்டி வந்து செத்தாலும் வாயில் விழ வேண்டும் என்று, தனக்கென்று கொண்டுவந்திருந்தாள்.

"பெரியவரே," என்றாள் மெதுவாக, "நான் அடுத்த வீட்டுப் பிள்ள. தண்ணி வேணுமா?"

பீப்பாய் நீளமாக ஒரு மூச்சு விட்டது. பிறகு உள்ளே 'டொக்' என்றது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "வேணும்ங்காவ, மதினி. ஒடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிட்டு."

நான் பேசியிருக்க வேண்டும். அது பெரியப்பா இல்லை என்றால் என்ன என்று கேட்பாள். பீர் என்றால் நாளைக்குக் கட்டடம் முழுக்கப் பீர். இவ்வளவையும் அப்போது யோசித்தேன் என்று இப்போது சொல்லலாம். உண்மையில் அந்த இருட்டில், அந்த நிமிடம், அது பெரியப்பா இல்லை என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

அவள் கையால் தடவி, வாய் இருக்க வேண்டிய இடத்தைத் தேடினாள். ஈரமும் மூச்சும் வருகிற இடத்தைக் கண்டுபிடித்தாள். நாராயண நாமம் சொல்லிக்கொண்டே செம்பைச் சாய்த்தாள். முழுச் செம்பும் உள்ளே போயிற்று. எவ்வளவோ வருடம் அடைபட்டிருந்த தண்ணீர்.

இழுப்பு நின்றது. மரச் சத்தமும் நின்றது. சூட்டில் இன்னும் அதிகமாகப் பொங்க வேண்டிய பீப்பாய் அடங்கிவிட்டது. ஏன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். என் கையில் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம்தான் கரண்ட் வந்தது.

என் வீட்டுக்காரரிடம் அன்றே சொன்னேன். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொட்டிவிடலாமா என்றார். கொட்டினால் காண்ட்ராக்ட் நிச்சயமாகப் போகும், வைத்திருந்தால் ஒருவேளை தப்பும் என்றேன்.

அடுத்த வாரம் ருசி மாறியிருந்தது. கருப்பட்டி பின்னால் போய், முன்னால் ஒரு புளிப்பு. அதோடு பாசி பிடித்த படித்துறை வாசனை. அதை மட்டும் எழுத வேண்டாம் என்று சொன்னேன். வாரங்கள் போகப் போக அந்தப் புளிப்பு அடியில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல என்னால் முடியவில்லை. நல்லது என்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் மறுபடி அடித்த முளைக்கு மேல் மூச்சு வரவே இல்லை. பெரியப்பா தூங்குகிறார் என்று அடுத்த வீட்டில் சொல்லி வைத்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

செப்டம்பரில் எஞ்சினியர் வந்தார். சிவந்த, பெரிய ஆள். படியேறும்போதே எல்லாக் கதவும் ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. டாக்டர் என்று நினைத்திருப்பார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனார். வேட்டியை ஒதுக்கினார், டம்ளரில் பிடித்தார், ஜன்னலில் தூக்கிப் பார்த்தார். நாங்கள் சுவரோரம் நின்றோம். என் வீட்டுக்காரரின் கழுத்தில் வேர்வை, அவ்வளவு குளிரிலும்.

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. திறந்து, மெல்ல ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"ஆத்து வாசனை அடிக்குதாம்," என்றார் என் வீட்டுக்காரர், உதடு மட்டும் அசைய. "எந்த ஆறுன்னு தெரியலையாம். ஆனா ஆறுதானாம்."

"நல்லா இருக்கா, இல்லையா? அதைக் கேளுங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் மறுபடி பிடித்துக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து, பீப்பாயில் முதுகைச் சாய்த்து, மூன்றாவது டம்ளரையும் குடித்தார். சந்தோஷமாக இருக்கிறாரா, துக்கமாக இருக்கிறாரா என்று சொல்ல முடியாத முகம். நான் போகும்போது இது இல்லை, நடுவில் என்ன நடந்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான், "பவர் கட்," என்றேன். அது பொய் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து, யாருடனும் பேசாமல் படி இறங்கிப் போனார்.

மறுநாள் அதே நாலு பட்டாணியர்கள் வந்தார்கள். அசையாமல் இருக்க வேண்டும் என்று மரச் சட்டத்தில் கிடத்திக் கயிறு கட்டினார்கள். வெயில் படாமல் இருக்க, நனைத்த வேட்டியை எடுக்காமல் அப்படியே மூடித் தோளில் தூக்கினார்கள். நடுப்பகல். நான் வாசலுக்கு வந்தபோது ஒவ்வொரு தளத்திலும் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள், முந்தானையை இழுத்துப் போர்த்தி, கையைக் கூப்பிக்கொண்டு. யாரும் அழவில்லை, பேசவில்லை. பட்டாணியர்களுக்கு என்ன தோன்றியதோ, அவர்களும் பேசாமல் இறங்கினார்கள். படியில் கருஞ்சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே போனது. வண்டி கிளம்பிய சத்தம் கேட்டதும் திருநெல்வேலிக்காரி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து மேல் படியிலிருந்து ஊற்றிவிட்டாள்.

எங்கே கொண்டுபோகிறார்கள், எந்தப் பிளேனில் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த ஊரில் பிரேதத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். பேப்பர், போலீஸ், ஆஸ்பத்திரி, விசாவுக்குப் பொறுப்பான கஃபீல், எதில் போய் முடியும் என்று பயம்.

பங்களாவில் பார்ட்டி நடந்தது. பீப்பாயை அடி வரை காலி செய்தார்களாம், வழக்கமாகச் சத்தம் போடுகிறவர்கள் அன்று அமைதியாகக் குடித்தார்களாம். அடுத்த வாரம் கையெழுத்து விழுந்தது. இன்னும் இரண்டு வருடம். கட்டிலை மறுபடி ஏசி அறையில் போட்டோம். எனக்கு என் கதவு மிஞ்சியது.

தீபாவளிக்கு முறுக்கும் ரவா லட்டும் செய்தேன். அந்த வருடம்தான் மனசு நிறைந்து செய்தேன். தட்டில் அடுக்கி, வாழையிலை கிடைக்காமல் பேப்பர் போட்டு மூடி, முதலில் திருநெல்வேலிக்காரி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் திறந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளக் கை நீளவில்லை.

"என்ன மதினி இது," என்றாள். திட்டுகிற குரல் இல்லை. "பெரியவர் போயி ஒரு வருசம் களியலியே. நீங்க பலகாரம் சுடலாமா?"

நான் அங்கேயே சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். நாக்கு நுனி வரை வந்தது. அவள் எனக்கு வேண்டியவள், தன் கங்கைச் செம்பையே காலி செய்தவள். சொன்னால் அவள் யாரிடமாவது சொல்வாள், அவளால் சொல்லாமல் இருக்க முடியாது. என் வீட்டுக்காரரின் பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை அந்த வாரம்தான் விழுந்திருந்தது.

"மறந்துட்டேன், மதினி," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்று வரை யாருக்கும் விவரித்ததில்லை. கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். உள்ளே போய், தான் சுட்ட அதிரசத்தை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, என் தட்டின் மேல் வைத்தாள். துக்க வீட்டுக்குக் கொடுப்பது. "சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மற்ற வீடுகளுக்கு நான் போகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கும் யாரும் வரவில்லை. வாசலில் நின்று பேசுவார்கள், உள்ளே ஏசி அறைப் பக்கம் கண் போகும், ஏதோ வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டேன். கட்டிலில் உட்கார்ந்து, ஏசியைக் கூட்டி வைத்து, அவள் கொடுத்த அதிரசத்தைத் தின்றேன். நன்றாகச் சுட்டிருந்தாள். வெளியே நடுப்பகல். எங்கள் கதவைத் தாண்டுகிறவர்கள் இன்னும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.